குடியிருப்பும் கடைத்தெருவும்: திருவொற்றியூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

வீடு தேடிப் புறப்படுவோர் முதலில் வினவுவது வாடகை எவ்வளவு என்பதாகும். அடுத்து வினவுவது தண்ணீர் வருமா என்பதாகும். அதன்பின் பள்ளிக்கூடம், பேருந்து நிறுத்தம், வழிபாட்டுத் தலம் ஆகியன பற்றிக் கேட்டறிவர். அப்பகுதியின் கடைத்தெரு எத்தகையது என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. எழுந்தாலும், 'கடைகள் எங்கும்தான் இருக்கின்றன' என்னும் விடையோடு அது முடிந்துவிடும். ஆயினும் ஆண்டு முழுவதும் ஒரு குடும்பம் நாள் தவறாமல் தொடர்பு கொள்ளும் இடம் கடைத்தெருவேயாகும். காலையில் அடுப்பு எரிவதும், இரவில் நோயாளிக்கு மருந்து கிடைப்பதும், கையில் பணம் வற்றிய மாதக் கடைசியில் உலை கொதிப்பதும் அதனைப் பொறுத்தே அமைகின்றன.

'வீட்டைத் தேடும் முன் அண்டை வீட்டாரைத் தேடு' என்பது அரபு மக்களிடையே வழங்கும் பழமொழி. 'கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்' என்பது தமிழர் வழக்கு. இவ்விரண்டோடு, கடைத்தெருவை அறிந்து குடிபுக வேண்டும் என்னும் மூன்றாவது அறிவுரையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். வடசென்னையின் திருவொற்றியூரும் அதனைச் சூழ்ந்த ராயபுரம், வண்ணாரப்பேட்டை, எண்ணூர் ஆகிய பகுதிகளும் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன. இப்பகுதிகளிலிருந்து கல்லூரிக்கு வந்து பயிலும் மாணவர் பலர். படிப்பு முடித்து, பணியில் அமர்ந்து, மணம் புரிந்து தனிக்குடித்தனத்திற்கு வீடு தேடும் நாள் அவர்களுக்குத் தொலைவில் இல்லை.

இலக்கியம் காட்டும் அங்காடிகள்

நகரை வருணிக்கப் புகுந்த தமிழ்ப் புலவர்கள் அரண்மனையோடும் கோட்டையோடும் நின்றுவிடவில்லை. அங்காடியையும் விரிவாகவே பாடினர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குதிரையும் மிளகும் பொன்னும் சந்தனமும் முத்தும் பவளமும் ஈழத்து உணவும் வந்து குவிந்தமையைக் கூறுகின்றது. அவ்வளவில் அமையாமல், அந்நகர வணிகர் கொள்வதில் மிகுதி நாடாமலும் கொடுப்பதில் குறை வையாமலும் வாணிகம் செய்தனர் எனப் போற்றுகின்றது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் தனித்தனியே காட்டுகின்றது.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரை இரு பகுதிகளாகப் பிரித்துரைக்கின்றது. கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் யவனர், நெய்வோர், மீன் விற்போர், உப்பு விற்போர், பொற்கொல்லர், தச்சர் முதலியோர் வாழ்ந்தனர். உள்ளடங்கிய பட்டினப்பாக்கத்தில் அரசர் வீதியும், பெருவணிகர் மாடங்களும், மருத்துவர், காலக்கணிதர் முதலியோர் இருக்கைகளும் இருந்தன. இவ்விரு பாக்கங்களுக்கும் இடைப்பட்ட சோலையில் நாளங்காடி அமைந்திருந்தது. செல்வரும் உழைப்பாளரும் வந்து சேரத்தக்க நடுவிடத்தில் சந்தை வைக்கப்பட்டது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இவ்விலக்கியங்களிலிருந்து கடைத்தெருவை அளக்க நான்கு அளவுகோல்களைப் பெறலாம். என்னென்ன கிடைக்கின்றன என்னும் பொருள்வளம் ஒன்று. அளவிலும் நிறையிலும் விலையிலும் காணப்படும் நேர்மை இரண்டு. எப்பொழுது திறந்திருக்கும் என்னும் நேரம் மூன்று. எவ்வளவு தொலைவில் உள்ளது என்னும் இடம் நான்கு.

மதீனா நகரில் குடியேறிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலை அமைத்ததோடு, மக்களுக்கென ஒரு சந்தைக்கும் இடம் வகுத்தார்கள் என்பது வரலாறு. ஒருமுறை தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அதனை மேலே வைத்து விற்குமாறு வணிகரைக் கண்டித்தார்கள். குடியிருப்புக்குச் சந்தை இன்றியமையாதது, சந்தைக்கு நேர்மை இன்றியமையாதது என்னும் இரு உண்மைகளும் இங்கு ஒருங்கே விளங்குகின்றன.

'பேட்டை' உணர்த்தும் பொருள்

வடசென்னையின் ஊர்ப்பெயர்களை அடுக்கிப் பார்த்தால் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, முத்தியால்பேட்டை, சவுக்கார்பேட்டை, காலடிப்பேட்டை எனப் பேட்டைகளே மிகுந்து காணப்படும். பேட்டை என்னும் சொல் தொழிலும் வாணிகமும் நடைபெறும் புறநகர்க் குடியிருப்பைக் குறிப்பது. வேலையும் விற்பனையும் உள்ள இடத்திற்கு மக்கள் வந்து குடியேறினர் என்பதை இப்பெயர்களே நமக்குச் சொல்கின்றன.

திருவொற்றியூரில் உள்ள காலடிப்பேட்டை இதற்கு நல்ல சான்று. 1717 முதல் 1720 வரை சென்னையில் கும்பினியின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களை இங்குக் குடியமர்த்தினார். அவர் பெயரால் வழங்கிய காலெட்பேட்டையே மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. வண்ணாரப்பேட்டையோ, கும்பினி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த இடமாகும். துணிக்காகத் தோன்றிய அப்பகுதி இன்றும் எம்.சி. ரோட்டின் துணிக்கடைகளால் பெயர் பெற்றிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

கும்பினி ஆட்சிக்கு முன்பும் திருவொற்றியூரில் வாணிகத் தெருக்கள் இருந்தன. பெரியபுராணம் கூறும் அறுபத்துமூவருள் ஒருவராகிய கலிய நாயனார் இவ்வூர்ச் சக்கரப்பாடித் தெருவில் வாழ்ந்த எண்ணெய் வணிகர். கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் வழங்கி வந்தவர், செல்வம் குன்றியபின் கூலிக்குச் செக்காட்டியும் அப்பணியைத் தொடர்ந்தார் என்பது அவர் வரலாறு. செக்கும் விளக்கும், கடையும் கோயிலும் ஒரே ஊரில் பின்னிப் பிணைந்திருந்தமைக்கு இது சான்றாகும்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரம் தொழிற்பேட்டையாக உருமாறியது. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையும், எண்ணூரில் 1948இல் தொடங்கப்பெற்ற அசோக் நிறுவனமும், 1950களில் வந்த என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களை இங்கு ஈர்த்தன. முறைவேலை முடிந்து வெளிவரும் தொழிலாளிக்குப் பகற்சந்தை பயன்படாது. விடியற்காலையில் திறக்கும் தேநீர்க் கடையும், இரவு பத்து மணிவரை விளக்கெரியும் மளிகைக் கடையுமே அவனுக்கு உதவின. மதுரைக்காஞ்சி பாடிய அல்லங்காடியின் தேவையை இங்கு ஆலைச் சங்கு உண்டாக்கியது எனலாம். நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து நிறுத்தத்திற்கே 'ராஜா கடை' என்னும் பெயர் நிலைத்துவிட்டமை, இவ்வூர் மக்கள் வாழ்வில் கடை பெற்ற இடத்தைப் புலப்படுத்தும்.

மூன்று வட்டங்கள்

ஒரு குடும்பத்தின் வாங்குதல் மூன்று வட்டங்களில் நிகழ்கின்றது. அன்றாடத் தேவை, திங்கள் தேவை, ஆண்டுத் தேவை என அவற்றைப் பிரிக்கலாம். காய்கறி, பால், மீன், இறைச்சி, மருந்து ஆகியன அன்றாடத் தேவைகள். அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, பாத்திரம், பழுதுபார்ப்பு ஆகியன திங்கள் தேவைகள். பெருநாள், தீபாவளி, பொங்கல், திருமணம் ஆகியவற்றுக்கான துணியும் நகையும் சீர்ப்பொருள்களும் ஆண்டுத் தேவைகள். அன்றாடத்துக்கு நடையும், திங்களுக்குப் பேருந்தும், ஆண்டுக்கு இரயிலும் போதுமானால் அது குடியிருக்கத் தக்க இடம் என்பது பொதுவான அளவாகும்.

திருவொற்றியூரில் முதல் வட்டத்துக்கு உரியவை தேரடியைச் சுற்றிய கடைகளும் காலடிப்பேட்டை மார்க்கெட்டும் தெருத்தெருவாக வரும் தள்ளுவண்டிகளுமாம். தேரடிப் பக்கம் பூ, தேங்காய், பழம், மளிகை, பாத்திரம் எனப் பலவும் அருகருகே கிடைக்கும். தியாகராயர் கோயிலும் வடிவுடையம்மன் சந்நிதியும் இருப்பதால் வெள்ளிக்கிழமைகளிலும் பௌர்ணமி நாட்களிலும் கூட்டம் பெருகும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி ஆதிபுரீசுவரரின் கவசம் திறக்கப்படும் மூன்று நாட்களில் தெருவில் கால் வைக்க இடமிராது. தேரடிக்கு மிக அருகே வீடு பார்ப்போர் இதனையும் அறிந்திருத்தல் நலம்.

மீன் உண்ணும் குடும்பங்களுக்குக் காசிமேடு ஒரு பெருங்கொடை. அங்கே விடியுமுன் ஏலம் தொடங்கும். சங்கரா, வஞ்சிரம், நெத்திலி, கானாங்கத்தை, இறால், நண்டு என வந்திறங்கும் மீனை மகளிர் ஏலத்தில் எடுத்துக் கூறு கட்டியும், கூடையில் சுமந்து தெருக்களுக்குக் கொணர்ந்தும் விற்பர். ஞாயிற்றுக்கிழமை நகரின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் திரள்வதால் அன்று விலையும் நெரிசலும் மிகும். வார நாட்களில் சென்று வாங்க முடிவது அருகில் வாழ்வோர் பெறும் நன்மையாகும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. அக்காலத்தில் நாட்டுப்படகுகளின் மீனே வருவதால் விலை ஏறும். 2023 டிசம்பரில் புயலை அடுத்து எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தபோது மீனவர் தொழில் முடங்கியது. மீன் வாங்குவோரும் தயங்கினர். கடலை நம்பிய சந்தை கடலின் நலத்தையும் நம்பியே வாழ்கின்றது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு திருவொற்றியூர் மக்களின் துணிக்கடைத்தெரு. வடசென்னையின் தியாகராய நகர் என அதனைக் கூறுவதுண்டு. குழந்தைகளின் பள்ளிச் சீருடை முதல் மணப்பெண்ணின் பட்டுச்சேலை வரை அங்கே கிடைக்கும். சிறு கடைகள் நெருங்கி இருத்தலால் ஒரு கடையில் சொன்ன விலையை அடுத்த கடையில் ஒப்பிட்டுப் பார்க்க இயலும். ரமலான் இரவுகளிலும் தீபாவளிக்கு முந்திய நாட்களிலும் அச்சாலை மக்கள் வெள்ளமாக மாறும்.

இவற்றுக்கும் அப்பால் உள்ளது பாரிமுனையைச் சூழ்ந்த மொத்த வாணிகப் பகுதி. துணிக்குக் கோடவுன் தெரு, அழைப்பிதழுக்கும் காகிதத்துக்கும் ஆண்டர்சன் தெரு, கண்ணாடிப் பொருள்களுக்குத் தேவராச முதலி தெரு, இரும்புச் சாமான்களுக்கு மண்ணடி, மின்னணுப் பொருள்களுக்குப் பர்மா பஜார் எனத் தெருவுக்கொரு சரக்காக அமைந்த பகுதி அது. பர்மாவிலிருந்து 1960களில் அகதிகளாகத் திரும்பி வந்த தமிழர்களின் மறுவாழ்வுக்காகப் பர்மா பஜார் தோன்றியது. மகளின் திருமணத்தை நடத்தும் ஒரு நடுத்தரக் குடும்பம் இத்தெருக்களை நன்கு பயன்படுத்தினால் செலவில் ஒரு பகுதியை மிச்சப்படுத்த இயலும்.

சென்று வரும் வழி

சந்தை எவ்வளவு வளமுடையதாயினும் சென்றுவர வழியில்லையெனில் பயனில்லை. சென்னை–கும்மிடிப்பூண்டி புறநகர் இரயில் பாதையில் தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என நிலையங்கள் வரிசையாக அமைந்துள்ளன. குறைந்த கட்டணத்தில் நகருக்குச் செல்ல ஏழை எளியோருக்கு இன்றும் இதுவே துணை. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ இரயில் நீட்டிப்பு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி ஆகிய இடங்களுக்கும் நிலையங்கள் வாய்த்தன. தேரடியில் ஏறி மண்ணடியில் இறங்கலாம் என்னும் நிலை, பாரிமுனைச் சந்தையை அருகில் கொண்டுவந்துவிட்டது.

இங்குச் சிறு கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். கடைத்தெருவுக்கு நடந்து செல்லத்தக்க ஒரு வீட்டின் வாடகை 8,000 ரூபாய் எனக் கொள்வோம். மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளிய வீட்டின் வாடகை 7,000 ரூபாய். மேலோட்டமாக நோக்கின் பின்னதே சிக்கனம். ஆனால் வாரத்துக்கு மூன்று முறை ஆட்டோவில் சென்றுவர முறைக்கு 120 ரூபாய் ஆகுமெனின் நான்கு வாரத்துக்கு 1,440 ரூபாய் செலவாகும். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் புகுந்தவர் 440 ரூபாய் கூடுதலாகச் செலவிடுகின்றார். இதில் நேரமும் களைப்பும் சேரவில்லை. வாடகையைத் தனியே பார்த்தல் தவறு, வாடகையையும் வண்டிச் செலவையும் கூட்டியே பார்த்தல் வேண்டும் என்பது இக்கணக்கின் முடிவு.

கணக்கு நோட்டும் கொசுறும்

கடைத்தெருவின் பயன் பணக்கணக்கில் முழுமையாக அடங்குவதில்லை. வடசென்னையின் பல தெருக்களில் அண்ணாச்சி கடையும் பாய் கடையும் எதிரெதிரே இருக்கக் காணலாம். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கணக்கு நோட்டு உண்டு. மாதம் முழுவதும் எழுதி வாங்கிச் சம்பள நாளில் தீர்ப்பர். வட்டியும் இல்லை, பிணையும் இல்லை. ஆலை மூடப்பட்ட காலத்திலும் வேலைநிறுத்தக் காலத்திலும் எத்தனையோ குடும்பங்களை இந்த நோட்டுகளே காப்பாற்றியுள்ளன என்பதை இவ்வட்டாரத்துப் பெரியோர் அறிவர். ஐந்து ரூபாய்க்குத் தேயிலை, பத்து ரூபாய்க்கு எண்ணெய் எனச் சில்லறையாகக் கொடுக்கும் வழக்கமும் அவ்வாறே. நாட்கூலி பெறுபவருக்கு மாத மளிகை வாங்கும் வசதி இல்லை. அவர் வருமானத்தின் அளவுக்கேற்ற அளவில் பொருள் தரும் கடையே அவருக்கு ஏற்ற கடையாகும்.

என் தாயார் வீடு பார்க்கச் செல்லும்போதெல்லாம் அறைகளைப் பார்ப்பதற்கு முன் தெருமுனைக் காய்கறிக் கடையில் நிற்பார். கால் கிலோ தக்காளி வாங்கிக்கொண்டு கறிவேப்பிலை கேட்பார். முகம் கோணாமல் இரண்டு கொத்து எடுத்துக் கொடுத்தால், "இந்தத் தெருவுல குடும்பம் நடத்தலாம்பா" என்பார். கொசுறு என்பது இரண்டு கொத்து இலைதான். ஆயினும் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே உள்ள உறவை அளக்க அவர் கைக்கொண்ட அளவுகோல் அது. கணவனை இழந்து தனித்து வாழ்ந்த காலத்திலும் பிறர் கையை எதிர்பாராமல் தாமே கடைக்குச் சென்று வந்தார் என்றால் அதற்குக் காரணம் நடக்கும் தொலைவில் இருந்த அக்கடைத்தெருவே. முதியோரும் பெண்களும் தன்னுரிமையோடு வாழ ஒரு தெரு இடம் தருகின்றதா என்பதைக் கடையின் தொலைவே பெரும்பாலும் முடிவு செய்கின்றது.

அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வெளியிட்ட நகரியல் நூலில், தெருவைப் பாதுகாப்பவை அத்தெருவில் உள்ளோரின் கண்களே என்றும், அவற்றுள் கடைக்காரரின் கண்கள் முதன்மையானவை என்றும் விளக்கினார். நம் தெருக்களில் இது கண்கூடு. பள்ளியிலிருந்து வரும் குழந்தை தாய் வரும்வரை கடை வாசலில் நிற்கின்றது. வீட்டுச் சாவி கடைக்காரரிடம் இருக்கின்றது. புதியவர் தெருவில் நுழைந்தால் முதலில் விசாரிப்பவர் கடைக்காரரே.

பிற நாட்டார் கண்ட வழி

நகர் அமைப்போர் இவ்வுண்மையை நூலறிவாகவும் ஆக்கியுள்ளனர். அமெரிக்கரான கிளாரன்ஸ் பெர்ரி 1929இல் 'அண்டைப்பகுதி அலகு' என்னும் திட்டத்தை முன்வைத்தார். நடுவில் பள்ளி, நடந்து செல்லும் தொலைவுக்குள் வீடுகள், ஓரத்தில் சாலைகள் கூடுமிடங்களில் கடைகள் என்பது அதன் அமைப்பு. கடைகள் நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருந்தால் சரக்கு வண்டிகள் குடியிருப்புக்குள் புகா என்பது அவர் கருத்து. 1960இல் அமைந்த சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அடுக்குமாடிக் குடியிருப்புகளோடு சந்தையும் உணவங்காடியும் சேர்த்தே நகரங்களை எழுப்பியது. அங்குள்ள தமிழர்களுக்குச் சிராங்கூன் சாலையும் தேக்கா சந்தையும் ஆண்டுத் தேவைக்கு உரிய பெருஞ்சந்தைகளாக விளங்குகின்றன. பாரிசு நகரிலோ, அன்றாடத் தேவைகள் யாவும் பதினைந்து நிமிட நடையில் கிடைக்க வேண்டும் என்னும் கொள்கை அண்மைக் காலத்தில் பேசப்படுகின்றது.

நம் நாட்டில் இக்கருத்து மறக்கப்பட்ட இடங்களும் உண்டு. சென்னையின் நீர்நிலைக் கரைகளில் வாழ்ந்த மக்கள் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரிலும், பின்னர்ப் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டனர். கான்கிரீட் கூரை கிடைத்தது. எனினும் வேலை செய்த வீடுகளும் விற்பனை செய்த சந்தைகளும் நெடுந்தொலைவாயின. வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று, அது பிழைப்போடும் சந்தையோடும் இணைந்தது என்பதை அம்மக்களின் துன்பம் எடுத்துக்காட்டியது.

மாறிவரும் சூழல்

சந்தைகள் நிலையானவை அல்ல. கொத்தவால்சாவடியின் மொத்தக் காய்கறி வாணிகம் 1996இல் கோயம்பேட்டுக்கு மாறியது. மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று. கொரோனாக் காலத்தில், 2020 மே மாதம் கோயம்பேடு சந்தை மூடப்பட்டுத் திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது, நகரமே காய்கறிக்குத் தவித்தது. அந்நாட்களில் பெருங்கடைகளைவிடத் தெருவில் வந்த தள்ளுவண்டிகளே மக்களுக்குத் துணை நின்றன. ஒரே சந்தையை நம்பிய குடியிருப்பினும் பல சிறு கடைகளை உடைய குடியிருப்பு இடர்க்காலத்தைத் தாங்க வல்லது என்பது அப்பொழுது விளங்கியது.

திருவொற்றியூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்து அதன் முதல் மண்டலமாயிற்று. மெட்ரோ வந்தபின் நிலையங்களுக்கு அருகே வீடு தேடுவோர் பெருகினர். குளிரூட்டப்பட்ட பேரங்காடிகள் தோன்றின. கைபேசியில் சொன்னால் வீட்டுக்கே பொருள் வருகின்றது. இவை தரும் வசதியை மறுப்பதற்கில்லை. ஆனால் மாதக் கடைசியில் எழுதி வைத்துக்கொண்டு பொருள் தரும் உறவு இவற்றில் இல்லை. தெருவோர வணிகரின் பிழைப்பைக் காக்க 2014இல் நடுவண் அரசு தனிச் சட்டமே இயற்றியுள்ளது. அச்சட்டத்தின் பயன் காலடிப்பேட்டையின் கீரைக்காரப் பெண்மணி வரை சென்று சேர்ந்தால்தான் நம் தெருக்களில் இவ்வகை அங்காடி நிலைக்கும். வாங்கும் நமக்கும் இதில் பங்குண்டு. பெரிய சாமான்களையெல்லாம் வெளியில் வாங்கிவிட்டு அவசரத்துக்கும் கடனுக்கும் மட்டும் தெருமுனைக் கடையை நாடினால் அக்கடை நெடுநாள் நீடிக்காது.

கடைத்தெருவுக்கு அருகில் வாழ்வதில் குறைகளும் உள. குப்பை, இரைச்சல், வண்டி நெரிசல் ஆகியவற்றைத் தாங்க வேண்டும். இவ்வட்டாரத்தில் துறைமுகங்களுக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளின் போக்குவரத்து மிகுதி. எண்ணூர் விரைவுச் சாலையைக் கடந்து கடைக்குச் செல்ல வேண்டிய வீடு, தொலைவு குறைந்ததாயினும் குழந்தைகளுக்கு ஏற்றதன்று. கடைத்தெருவிலேயே குடியிருத்தல், கடைத்தெருவே இன்றிக் குடியிருத்தல் ஆகிய இரண்டுமே இடர் தருவன. ஓரிரு தெரு தள்ளியிருத்தலே நடுவழி.

வீடு தேடுவோர் கவனத்திற்கு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், முன்பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை சில உள. முதலாவதாக, அப்பகுதியை மூன்று வேளைகளில் சென்று பார்த்தல் வேண்டும். காலை ஏழு மணிக்குப் பாலும் காய்கறியும் வருகின்றனவா, மாலையில் நெரிசல் எவ்வளவு, இரவு ஒன்பது மணிக்கு மேல் மருந்துக் கடை திறந்திருக்கின்றதா, தெருவிளக்கு எரிகின்றதா எனக் காணல் வேண்டும்.

இரண்டாவதாக, வீட்டிலிருந்து கடைவரை தாமே நடந்து பார்த்தல் வேண்டும். வீட்டு முதியவரையும் உடன் அழைத்துச் செல்லுதல் நன்று. இளைஞர் எட்டு நிமிடத்தில் கடக்கும் தொலைவை அவர் எத்தனை இடத்தில் நின்று கடக்கின்றார் என்பதைக் கொண்டு முடிவு செய்யலாம்.

மூன்றாவதாக, அரிசி, து. பருப்பு, எண்ணெய், தக்காளி, வெங்காயம் என ஐந்து பொருள்களின் விலையை இப்போது வாழும் பகுதியோடு ஒப்பிடுதல் வேண்டும். நியாய விலைக் கடை எங்குள்ளது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். நான்காவதாக, தம் வீட்டு உணவுக்கு உரியன கிடைக்குமா எனப் பார்த்தல் வேண்டும். இசுலாமியக் குடும்பத்தினர் ஹலால் இறைச்சிக் கடையைத் தேடுவர். சைவ உணவினர் கீரையும் காயும் நாளும் புதிதாக வருமா என நோக்குவர். மீன் உண்போர் கூடைக்காரரின் வரவை விசாரிப்பர்.

ஐந்தாவதாக, மழைக்காலத்தில் கடைக்குச் செல்லும் வழியில் நீர் தேங்குமா என அப்பகுதி மக்களைக் கேட்டல் வேண்டும். கடைக்காரரே இதற்கு நல்ல விடை தருவார். அவர் தம் கடைக்குள் சரக்கை எவ்வளவு உயரத்தில் அடுக்கி வைத்துள்ளார் என்பதே ஒரு விடையாகும்.

முடிவுரை

பொருள், நேர்மை, நேரம், இடம் என இலக்கியம் தந்த நான்கு அளவுகோல்களும் இன்றும் பொருந்துகின்றன. திருவொற்றியூர் வட்டாரத்தைப் புகை மண்டிய தொழிற்பகுதி எனக் கூறி, வசதி வந்தவுடன் வேறிடம் பெயர்வோர் உளர். அவர்கள் பெறும் அகன்ற சாலையையும் புதிய அடுக்குமாடியையும் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. ஆயினும் நூற்றாண்டுகளாகப் பேட்டையாக வளர்ந்த ஊர் தரும் நன்மைகளையும் தராசின் மறுதட்டில் வைத்துப் பார்த்தபின் முடிவெடுத்தலே அறிவுடைமை. நடை தூரத்தில் காய்கறி, விடியலில் மீன், அருகில் துணிக்கடைத்தெரு, இரயிலில் ஏறினால் பாரிமுனை, அவசரத்துக்குக் கணக்கு நோட்டு ஆகிய இவை வேறிடத்தில் எளிதில் கிட்டுவன அல்ல.

இளைஞர்கள் வீடு தேடும்போது வீட்டுக்காரரிடம் பேசுவதோடு அமையாது தெருமுனைக் கடைக்காரரிடமும் கால்மணி நேரம் பேசுக. குடிபுகுந்தபின் அக்கடையையே ஆதரித்து வாழ்க. கடைத்தெரு வாழ்ந்தால் குடியிருப்பும் வாழும்.